சுவிட்ச் வாங்கிக் கொடுத்தாயிற்று, சாவி யாரிடம்?

இது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து உதவி அனுப்பும் பழைய மாணவர்களுக்கும்தான்.

கட்டாரிலும் துபாயிலும் உழைத்த காசில் கணினி அறைக்கு மெனேஜ்ட் சுவிட்ச் வாங்கித் தருகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் பூட்ட வருகிற தம்பி என்ன செய்கிறார்? ஒரு ஐபி முகவரி போடுகிறார், டெல்நெட்டைத் திறந்து விடுகிறார், பாஸ்வேர்டுக்குப் பாடசாலைப் பெயரும் 123-உம். "இனி எங்கிருந்தும் பார்க்கலாம் சேர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். இதில் எனக்கு உடன்பாடில்லை.

டெல்நெட் 1969-இல் தொடங்கிய முறை. அதில் நாம் அடிக்கும் பெயரும் பாஸ்வேர்டும் மறைக்கப்படாமல் அப்படியே கம்பியில் போகும். 1995-இல் ஹெல்சின்கி பல்கலைக்கழகமொன்றில் பாஸ்வேர்டுகள் இப்படிக் களவு போன பிறகுதான் டாட்டு இலோனென் என்பவர் எஸ்எஸ்எச்சை எழுதினார். 2016-இல் மிராய் என்ற தீய மென்பொருள், டெல்நெட் திறந்துகிடந்த, பாஸ்வேர்ட் மாற்றப்படாத கெமராக்களையும் ரவுட்டர்களையும்தான் தேடிப் பிடித்தது.

"சுவிட்ச்தானே சேர், ஹப் இல்லையே, மற்றவருடைய தகவல் எப்படித் தெரியும்?" என்று உயர்தர மாணவர் ஒருவர் கேட்டார். கெட்டிக்காரக் கேள்வி. சாதாரணமாகத் தெரியாதுதான். ஆனால் ஏஆர்பி ஏமாற்று வேலை தெரிந்தவன் அடுத்தவருடைய தகவலைத் தன் கணினி வழியாகத் திருப்பிவிடுவான். சுவிட்சே கைக்கு வந்துவிட்டால் அதுவும் தேவையில்லை. அலுவலகக் கணினியின் போர்ட்டில் போவதையெல்லாம் இன்னொரு போர்ட்டுக்குப் பிரதியெடுக்கச் சொன்னால் அது செய்யும். அந்த அலுவலகக் கணினியில்தான் நம் பிள்ளைகளின் புள்ளிகளும் வீட்டு விபரங்களும் இருக்கின்றன.

எஸ்எஸ்எச் போடுவது அரை மணி நேர வேலை. சிஸ்கோ சுவிட்ச் என்றால் முதலில் கன்சோல் கேபிளால் இணைத்து, அதற்கு ஒரு பெயரும் டொமைன் பெயரும் கொடுக்க வேண்டும். இவை இல்லாமல் ஆர்எஸ்ஏ சாவியை உருவாக்க அது மறுக்கும். சாவி 2048 பிட்டாக இருக்கட்டும். பிறகு ஆளுக்கொரு பயனர் பெயர். கடைசியாக, விடிவை வரிகளில் எஸ்எஸ்எச்சை மட்டும் அனுமதித்தால் டெல்நெட் தானாக மூடிக்கொள்ளும். மாணவர் கணினிகள் இருக்கும் விலேனில் நிர்வாக ஐபியை வைக்காதீர்கள். எல்லா போர்ட்டும் ஆரம்பத்தில் விலேன் 1-இல்தான் இருக்கும், அதை அப்படியே விடுவதுதான் வழக்கமான சோம்பல். தோஹாவிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் விபிஎன் வழியாக வாருங்கள். சுவிட்சை நேரே இணையத்துக்குத் திறக்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய சண்டை பாஸ்வேர்ட் யாரிடம் என்பதில்தான். கொடுத்தவரிடம் மட்டும் இருக்கிறது, அவர் வேலை மாறி நம்பரையும் மாற்றிவிடுகிறார். பிறகு இங்கே ஒருவர் கரண்டை நிறுத்தி, மோட் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மீட்க வேண்டியிருக்கிறது. நன்கொடை கொடுத்தவருக்குத் தனிக் கணக்கு இருக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் முதன்மைக் கணக்கு ஒட்டிய உறையில் அதிபரின் அலுமாரியில் இருக்க வேண்டும், அதிபர் மாறும்போது பொறுப்புக் கையளிக்கும் பட்டியலில் அதுவும் ஒரு வரியாக வர வேண்டும்.

கன்சோல் கேபிள் ஒன்று என்னிடம் இருக்கிறது. தேவையான பாடசாலை சனிக்கிழமைக்கு முன் இன்பொக்ஸில் சொல்லுங்கள், உயர்தர ஐசிடி பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.