பையனிடம் கேட்டீர்களா?

பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் ஒவ்வொரு ஆண்டும் நம் வீடுகளில் ஒரே காட்சிதான் அரங்கேறுகிறது. பத்தாம் வகுப்பு முடித்த பையன் எந்த குரூப் எடுப்பது என்று வாப்பா யோசிக்கிறார், மாமா யோசிக்கிறார், கடைக்குச் சரக்கெடுக்க வந்தவர்கூட ஆலோசனை சொல்லிவிட்டுப் போகிறார். பையன் ஓரமாக நிற்கிறான். உனக்கு எதில் நாட்டம் என்று அவனிடம் கேட்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. மார்க் கூடுதல் என்றால் முதல் குரூப். குறைச்சல் என்றால் கடையில் கல்லாப்பெட்டி, இல்லையேல் பாஸ்போர்ட் எடுத்து வளைகுடா. பெண் பிள்ளையாக இருந்தால் இந்த ஆலோசனைகூட நடப்பதில்லை.

நம் சமுதாயத்தில் கல்வி பற்றிப் பேசும் எந்த மேடையிலும் அப்துல் கலாம் அவர்களின் பெயர் சொல்லப்படாமல் இருப்பதில்லை. ஆனால் அவர் எப்படிக் கற்றார் என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? 1931ல் இராமேசுவரத்தில் பிறந்த அவருக்குத் தொடக்கப் பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் வாய்த்தார். பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் வரைந்து காட்டியும் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை என்றதும், அவர்களைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்று பறவைகளைக் காட்டினார். அந்தச் சிறுவனின் மனதில் பறப்பது பற்றிய ஆசை அங்கேதான் விழுந்தது.

பள்ளிக்கு வெளியே நடந்தது இன்னும் முக்கியம். குடும்பச் சூழ்நிலையால் படிப்பை இடையில் விட்ட அகமது ஜலாலுத்தீன், கலாமைவிட ஏறக்குறைய 15 வயது மூத்தவர். அந்தத் தீவில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தரக்கூடியவர் அவர்தான். மாலை நேரங்களில் சிறுவனோடு நடந்துகொண்டே உலக விஷயங்களைப் பேசினார். உறவினர் சம்சுத்தீன் பத்திரிகை ஏஜெண்டு; இரண்டாம் உலகப்போர் காலத்தில் ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் பத்திரிகைக் கட்டுகளை எடுக்கும் வேலையை அவருக்குத் தந்தார். எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்ற விடுதலைப் போராட்டக்காரர் தம் வீட்டுப் புத்தகங்களைப் படிக்கக் கொடுத்தார். பின்னாளில் சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாதபோது, தமக்கை ஜொஹரா நகையை அடகு வைத்தார். ஓர் ஆசிரியர், ஒரு காண்டிராக்டர், ஒரு பத்திரிகை ஏஜெண்டு, ஒரு தேசபக்தர், ஓர் அக்கா. இவர்களில் இருவர் முஸ்லிம் அல்லாதவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதே கலாம் 1950ல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் சேர்ந்து இயற்பியல் பட்டம் முடித்த பிறகே, இது தன் பாடம் அல்ல, தான் பொறியியல் படித்திருக்க வேண்டும் என்று உணர்ந்தார். முன்கூட்டியே எடுத்துச் சொல்ல அருகில் ஆள் இல்லை. அவர் மீண்டு வந்துவிட்டார். நம் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அது முடிகிறதா?

வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்து மனப்பாடம் செய்வதைக் கல்வி என்று கருதுவது நம் பாரம்பரியமும் அல்ல. 1332ல் தூனிஸில் பிறந்த இப்னு கல்தூன், தம் முகத்திமாவில் இந்தப் பழக்கத்தைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். மொராக்கோவின் மதரஸாக்களில் மாணவர்கள் 16 ஆண்டுகள் தங்குகிறார்கள், தூனிஸில் 5 ஆண்டுகளே. அவ்வளவு காலம் தங்கியும் அங்குள்ளோரில் பலர் தேறாததற்குக் காரணம், அவர்கள் விவாதிக்காமல் மௌனமாக இருப்பதும் மனனத்திலேயே காலம் கழிப்பதும்தான் என்கிறார் அவர். பிள்ளைகளிடம் கடுமை காட்டினால் அவர்கள் பொய்யும் சோம்பலும் பழகுவார்கள் என்றும் எச்சரிக்கிறார். 600 ஆண்டுகளுக்கு மேலாகியும் பிரம்பையும் கோனார் நோட்ஸையும் நம்பிக்கொண்டிருப்பவர்கள் நாம்தான்!

ஒரு எச்சரிக்கை. 'பையனுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை, வியாபாரத்தில்தான் நாட்டம்' என்று எட்டாம் வகுப்போடு நிறுத்திக் கடையில் உட்கார வைப்பதற்கு இந்தத் தலையங்கத்தை யாரும் சாட்சிக்கு அழைக்க வேண்டாம். 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் குழந்தைகளில் நான்கில் ஒருவர் பள்ளியை மிதிக்காதவர் அல்லது பாதியில் நின்றவர் என்று 2006ல் சச்சார் குழு சொன்னது நினைவிருக்கட்டும். நாம் சொல்வது வேறு. வியாபாரத்தில் நாட்டம் உள்ள பையனுக்கு வணிகவியலும் கணக்குப்பதிவியலும் இருக்கின்றன, பட்டயக் கணக்காளர் படிப்பு இருக்கிறது. அவனைப் பிடித்து உயிரியலில் தள்ளி, இரண்டு வருடம் டியூஷனுக்கு அலைய விட்டு, கடைசியில் 'மண்டையில் ஏறவில்லை' என்று பட்டம் கட்டுவது யார் குற்றம்? மோட்டாரைப் பிரித்துப் பார்க்கும் பையனுக்கு ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்றால் நமக்கு ஏன் கௌரவக் குறைச்சல்?

வணிகப் பெருமக்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. ஒவ்வொரு ஊர் மஹல்லாவிலும் ஆடிட்டரைத் தெரிந்தவர் இருக்கிறார், ஏற்றுமதி ஆவணங்கள் தெரிந்தவர் இருக்கிறார், வக்கீல், நர்ஸ், மெக்கானிக், பத்திரிகை நிருபர் என்று பலரும் இருக்கிறார்கள். அவர்களின் தொடர்பு கல்யாண வீட்டு சாப்பாட்டுப் பந்தியோடு முடிந்துவிடுகிறது. சந்தா நோட்டு வைத்திருக்கும் ஜமாஅத், தன் மஹல்லாவில் யாருக்கு என்ன தெரியும் என்று ஒரு நோட்டு வைத்தால் என்ன? கோடை விடுமுறையில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த துறையில் இருப்பவரோடு பத்து நாட்கள் கூடவே இருந்து பார்க்கட்டும். பெண் பிள்ளைகளுக்கு அதே துறையில் இருக்கும் பெண்களைத் தேடித் தொடர்பு ஏற்படுத்திக் கொடுங்கள். பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தால் பத்து நாள்தான் போயிற்று, நான்கு வருடக் கல்லூரிக் கட்டணம் போகவில்லை.

குரூப் படிவத்தை நிரப்பும் முன் பிள்ளையை அருகில் உட்கார வைத்துக் கேளுங்கள். முதல் நாள் 'தெரியாது' என்றுதான் சொல்வான், ஏனென்றால் இதுவரை யாரும் அவனைக் கேட்டதில்லை. மறுநாளும் கேளுங்கள்.