எதுவரை போவீர்கள், ஐயா?

“முயற்சி எடுத்து வருகிறோம். அந்நாட்டுச் சட்டத்தில் நாம் தலையிட முடியாது.” வெளியுறவுத் துறைக்கு நான் அனுப்பிய எந்த மனுவுக்கும் இதைத் தாண்டி ஒரு பதில் எனக்கு வந்ததில்லை. என் தம்பி வளைகுடாவில் ஒரு சிறையில் கிடக்கிறான். சம்பள பாக்கியைக் கேட்டான். முதலாளி திருட்டுப் புகார் கொடுத்துவிட்டான். அரபியில் எழுதிய காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். வாக்குமூலமாம்! தமிழையே எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன் ஐயா அவன்.

திருப்புட்குழியில் எங்களுக்குத் தறி இருந்தது. கோர்வைச் சேலைக்கு ஒரு ஆள் போதாது. நான் நெய்வேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளுவான். விசைத்தறிச் சேலை வந்து எங்கள் கூலியைத் தின்றது. டிரைவர் வேலை என்றான் ஏஜென்ட். அம்மாவின் தாலிச் சங்கிலியை விற்றுத்தான் அனுப்பினோம்.

எந்தச் சிறை, என்ன வழக்கு என்று கேட்டால், கைதியின் சம்மதம் இல்லாமல் பல நாடுகள் விவரம் தராது, தனியுரிமைச் சட்டம் என்கிறார்கள். அந்தச் சம்மதத்தை வாங்கத்தானே அவனைப் போய்ப் பாருங்கள் என்று கதறுகிறேன்! சொந்த நாட்டுக் கைதியைத் தூதரகத்தார் சந்திக்கலாம் என்று 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை சொல்கிறதே, அது பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமா?

வெளிநாட்டுச் சிறைகளில் 10,152 இந்தியர்கள் என்று 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னார்கள். அதில் பாதி சவூதியிலும் அமீரகத்திலும். அதே மாதம் 3ஆம் தேதி, மகள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டு டெல்லி உயர் நீதிமன்றத்தில் நின்றார் உத்தரப் பிரதேசத்துத் தகப்பன் ஒருவர். பிப்ரவரி 15ஆம் தேதியே அபுதாபியில் அவளுக்கு மரண தண்டனை நிறைவேறிவிட்டது என்று அங்கேதான் தெரிந்தது. நம் தூதரகத்துக்கே 28ஆம் தேதிதான் சொன்னார்களாம். அன்று முதல் எனக்குத் தூக்கம் இல்லை.

ஏமனில் மரண தண்டனை விதிக்கப்பட்ட கேரள நர்ஸுக்காக, அரசு போகக்கூடிய எல்லை ஒன்று உண்டு, அதைத் தொட்டுவிட்டோம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னார்கள். ஏமன் தலைநகர் சனாவில் நமக்குத் தூதரகம் இல்லை, சரி. கத்தாரில்? அங்கே முன்னாள் கடற்படையினர் எட்டுப் பேருக்கு 2023 அக்டோபரில் மரண தண்டனை, டிசம்பரில் அது குறைந்தது, பிப்ரவரியில் விடுதலை. தங்கச்சிமடத்து மீனவர் ஐந்து பேருக்குக் கொழும்பில் 2014 அக்டோபர் 30 அன்று தூக்கு என்று தீர்ப்பு. ராமேசுவரம் பற்றி எரிந்தது, நம் பிரதமர் இலங்கை அதிபர் ராஜபக்சேவிடம் பேசினார், மூன்றே வாரத்தில் விட்டார்கள். அவர்கள் வந்ததில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை, பெற்ற வயிறுகள் குளிர்ந்தன. ஆனால் மேலிடம் போனை எடுத்தால் அந்த எல்லை நகர்கிறது அல்லவா?

உங்கள் தர்மசங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. எண்ணெயும் எரிவாயுவும் வளைகுடாவிலிருந்து வருகின்றன. 90 லட்சம் இந்தியர் அங்கே பிழைக்கிறார்கள். ஒருவனுக்காக முறைத்துக்கொள்ள முடியாது. நாமும் யோக்கியமில்லை. 2013இல் தூத்துக்குடிக் கடலில் ‘சீமேன் கார்டு ஓகியோ’ கப்பலில் பிடித்த 35 பேரில் ஆறு பேர் பிரிட்டிஷ்காரர்கள். இந்திய நீதிமன்றத்தில் தலையிட முடியாது என்றுதான் லண்டனும் அவர்கள் வீட்டாருக்குச் சொன்னது. குற்றமற்றவர்கள் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விடுவிக்க 2017 நவம்பர் ஆனது. அவர்களின் அக்கா தங்கைகள் அழுதபோது நான் திரும்பியாவது பார்த்தேனா?

எங்கள் ஊர் ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த தலம். சீதையைத் தூக்கிப் போகிறவன் இலங்கை வேந்தனாயிற்றே, நமக்கேன் வம்பு என்று அந்தக் கிழப்பறவை ஒதுங்கவில்லை. சிறகு அறுபட்டும், எந்தத் திக்கில் கொண்டுபோனான் என்று சேதி சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடியது. சண்டைக்குப் போக வேண்டாம், ஐயா. எனக்குச் சேதியாவது வேண்டாமா?

இன்னொரு முறை பதில் எழுதுவீர்களானால் “முயற்சி” என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள். எந்த அதிகாரி, எந்தத் தேதியில், எந்தச் சிறைக்குப் போனார்? தமிழ் தெரிந்தவரைக் கூட்டிப்போனாரா? அவன் கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகலை வாங்கினாரா? ஆளைக் கண்ணால் பார்த்தாரா? இதை மட்டும் எழுதுங்கள். யாருமே போகவில்லை என்றால், போகவில்லை என்றே எழுதுங்கள்.