கைராசியா, கணக்கா?



எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். சென்ற கார்த்திகை மாதத்தில் அவளுடைய பள்ளியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி விதைப் பொட்டலங்களைக் கொடுத்தார்கள். தக்காளி ஒன்று, காரட் ஒன்று. பொட்டலத்தின் மேல் செக்கச்செவேலென்று பழத்தின் படம். அவளுடைய தோழி அன்றைக்கே விதையை நாற்று விட்டாள். நம்முடைய சிறுமி பரீட்சை, பொங்கல் எல்லாம் கழித்து மாசி மாதத்தில் விதைத்தாள். தோழியின் வீட்டில் தக்காளி பழுத்தது. இவள் வீட்டிலோ செடி வளர்ந்தது, பூத்தது, பூவெல்லாம் கொட்டிவிட்டது. காரட்டைப் பிடுங்கிப் பார்த்தால் எலிவால் போல ஒரு வேர்!

"எனக்குக் கைராசி இல்லை மாமா. இனிமேல் நான் எதையும் நடமாட்டேன்" என்று அவள் என்னிடம் சொன்னாள். அவள் வீட்டில் இருந்தவர்களும் அதை ஆமோதித்தார்கள்.

ஒரு தக்காளிச் செடி பட்டுப்போனதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. பதினான்கு வயதில் ஒரு பெண், காரணத்தைத் தேடாமல், குற்றத்தைத் தன் கைமேல் போட்டுக்கொண்டாளே, அதுதான் என்னை உறுத்தியது. ஆகவேதான் இயற்பியல் கற்பிக்கும் நான் காய்கறித் தோட்டத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். கைராசி என்று ஒன்று கிடையாது. எந்த இடத்தில், எந்த மாதத்தில், எவ்வளவு தண்ணீரில் எதை நடுவது என்ற கணக்குத்தான் உண்டு. அந்தக் கணக்கைப் போடாமல் படத்தைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுக்கிறோம். பிறகு ராசியைக் குறை சொல்கிறோம்.

வெயில் நடந்து போகும் பாதை

முதலில் என் கதையைக் கேளுங்கள். எங்கள் வீடு திருச்சியில் இருக்கிறது. வீட்டின் பின்புறம், தெற்குச் சுற்றுச்சுவரை ஒட்டி, ஒரு மீட்டர் அகலத்தில் நீளமான ஒரு துண்டு நிலம். ஓர் ஆடி மாதத்தில் பார்த்தேன். அங்கே காலை முதல் மாலை வரை நல்ல வெயில். 'இதைவிட வேறென்ன வேண்டும்?' என்று கத்தரியும் மிளகாயும் நட்டேன். ஆவணி வரை செடிகள் செழித்தன. ஐப்பசியில் அவை சோகை பிடித்தாற்போல் நெட்டையாக வளர்ந்தன. மார்கழியில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக்கூடக் காய் இல்லை.

எதிர்வீட்டுப் பாட்டி ஒரு நாள் எட்டிப் பார்த்தார். கைராசிக்காரி என்று தெருவே சொல்லும் பாட்டி அவர். "ஆடி மாச வெயிலைப் பார்த்து நட்டுட்டீங்க தம்பி. கார்த்திகை, மார்கழியில அங்கே வெயில் எட்டிக்கூடப் பார்க்காதே!" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சூரியனின் வடசெலவையும் தென்செலவையும் ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறவன் நான்!

திருச்சி வட அட்சரேகை 10.8 பாகையில் இருக்கிறது. சூரியனோ வடக்கே 23.4 பாகை வரையிலும் தெற்கே 23.4 பாகை வரையிலும் போய் வருகிறது. எனவே ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை, நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே இருக்கும். என் சுவரின் உயரம் 2 மீட்டர். டிசம்பர் 22ஆம் நாள் நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து தெற்கே 10.8 + 23.4 = 34.2 பாகை சாய்ந்திருக்கும். சுவரின் நிழல் 2 × டான் 34.2°, அதாவது ஏறக்குறைய 1.36 மீட்டர் வடக்கே விழும். காலையிலும் மாலையிலும் இன்னும் அதிகம். ஒரு மீட்டர் அகலமுள்ள என் பாத்தி முழுவதும் நாள் பூராவும் நிழலில்! ஜூன் 21இலோ சூரியன் வடக்கே போய்விடுவதால் அதே பாத்தி நாள் முழுவதும் வெயிலில் கிடக்கும். நிலம் ஒன்றுதான். ஆனால் ஆனியில் அது ஓர் இடம், மார்கழியில் வேறோர் இடம்.

பாட்டிக்கு 'டான்' தெரியாது. ஆனால் நாற்பது ஆண்டுகளாக நிழலைப் பார்த்து மனத்தில் குறித்து வைத்திருக்கிறார். அதைத்தான் நாம் கைராசி என்கிறோம்.

நீங்கள் நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள குச்சி ஒன்றைத் தோட்டத்தில் செங்குத்தாக நடுங்கள். நிழல் மிகக் குறுகும் நேரத்தில் அது விழும் கோடு தெற்கு வடக்கைக் காட்டும். (கடிகாரத்தில் 12 மணி அடிக்கும்போது அது நிகழவில்லையே என்று குழம்பாதீர்கள். நம் கடிகாரங்கள் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு உரியவை. திருச்சி அதற்கு மேற்கே இருப்பதால் சராசரியாகக் கால் மணி நேரம் பிந்தும்.) பிறகு தோட்டத்தின் படத்தை ஒரு தாளில் வரைந்துகொண்டு காலை 8, 10, நண்பகல், பிற்பகல் 2, 4 மணிக்கு நிழல் விழும் இடங்களைக் கோடிடுங்கள். மாதத்துக்கு ஒரு நாள் செய்தால் போதும்.

ஆறு மணி நேரத்துக்கும் மேல் வெயில் படும் இடத்தில்தான் காய்க்கும் செடிகள் பலன் தரும். கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், கொத்தவரை எல்லாம் இந்தக் கூட்டம். ஒளிச்சேர்க்கையில் உண்டாகும் உணவு இலை, தண்டுக்குப் போக மிஞ்சினால்தானே காய்க்கு? மூன்று நான்கு மணி நேர வெயில் மட்டும் கிடைக்கும் இடத்தில் இலையையே உணவாகத் தருபவற்றை நடுங்கள். முளைக்கீரை, கொடிப்பசலை, மணத்தக்காளிக் கீரை, புதினா ஆகியவை அந்த அளவு வெயிலில் சமாளித்துக்கொள்ளும். என் பாத்தியில் இப்போது அவைதாம் இருக்கின்றன.

எத்தனை குடம்?

இரண்டாவது கணக்கு தண்ணீர். இது ஓர் எளிய உண்மையிலிருந்து தொடங்குகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது சரியாக ஒரு லிட்டர்.

நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 20 மெகாஜூல். ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2.4 மெகாஜூல் வேண்டும். (உங்கள் புத்தகத்தில் 2.26 என்றிருக்கும். அது கொதிநிலையில் உள்ள உள்ளுறை வெப்பம்.) வந்த ஆற்றல் முழுவதும் நீரை ஆவியாக்கவே செலவானால் எட்டு லிட்டர் போகும். ஒரு பகுதி எதிரொளித்துத் திரும்பிவிடுகிறது. ஒரு பகுதி காற்றைச் சூடாக்குகிறது. எனவே கோடையில் இலை நிறைந்த பாத்தி ஒன்று சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு லிட்டர் நீரை இழக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பத்துச் சதுர மீட்டர் பந்தலுக்கு அறுபது லிட்டர். குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்றால் நாளும் நான்கு குடம்.

அந்த நான்கு குடத்தையும் யார் சுமப்பது? இதைத்தான் நாம் யாரும் கேட்பதில்லை. ஒரு சித்திரையில் எங்கள் ஆழ்துளைக் கிணறு வற்றியது. நான் ஆசைப்பட்டுப் போட்ட புடலைப் பந்தலுக்காக என் மனைவி ஒரு மாதம் தெருக்குழாயிலிருந்து தண்ணீர் சுமந்தார். நானோ கல்லூரியில் உள்ளுறை வெப்பம் நடத்திக்கொண்டிருந்தேன். பாடம் எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. புடலை தின்னும்போது அந்தக் குடங்கள் நினைவுக்கு வந்தன.

ஆகவே நடுவதற்கு முன் ஒரு வாரம் உங்கள் வீட்டில் அரிசி களைந்த தண்ணீரையும் காய்கறி கழுவிய தண்ணீரையும் ஒரு வாளியில் சேர்த்து அளந்து பாருங்கள். எங்கள் வீட்டில் நாளுக்கு ஏறக்குறைய ஒரு குடம் தேறியது. கோடையில் அது இரண்டரைச் சதுர மீட்டருக்குப் போதும். அப்படியானால் கோடைத் தோட்டத்தின் அளவு அவ்வளவுதான். சருகும் வைக்கோலும் போட்டு மண்ணை மூடிவைத்தால் இன்னும் சிறிது மிச்சமாகும். குளியலறைத் தண்ணீர் ஓடும் வழியில் வாழையும் சேப்பங்கிழங்கும் நடுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். சோப்புக் கலந்த நீரைக் கீரைக்கு விடாதீர்கள். வேரூன்றிய பிறகு அதிகம் நீர் கேட்காத முருங்கையும் கறிவேப்பிலையும் மூலைகளுக்கு ஏற்றவை. முருங்கையை மட்டும் சுவரையும் வாசலையும் விட்டுச் சற்றுத் தள்ளி நடுங்கள். கிளை எளிதில் ஒடியும், கம்பளிப்பூச்சியும் வரும்.

மாடியில் தொட்டி வைக்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு சதுர மீட்டரில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பிய ஈரமண் 300 கிலோகிராமுக்கும் மேல் எடையிருக்கும். தளம் தாங்குமா என்று விஷயம் தெரிந்தவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

செடியின் நாட்காட்டி

மூன்றாவது, மாதம். அந்தச் சிறுமியின் புதிருக்கு விடை இங்கேதான் இருக்கிறது. தோழியின் செடி தை, மாசியில் பூத்தது. இவளுடைய செடி சித்திரையில் பூத்தது. பகலில் 35 டிகிரி செல்சியஸுக்கு மேலும் இரவில் 25 டிகிரிக்கு மேலும் வெப்பம் நீடித்தால், தக்காளியின் மகரந்தம் சரிவர வேலை செய்யாது. கருவுறாத பூ உதிர்ந்துவிடும். திருச்சியின் சித்திரை எப்படி இருக்கும் என்று நான் சொல்லவேண்டுமா? காரட்டோ குளிர் விரும்பும் செடி. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பருக்கும் வேர் நம் சமவெளிக் கோடையில் பருப்பதில்லை. விதையும் ஒன்று, ஊரும் ஒன்று. மாறியது மாதம் மட்டும்தான். இதில் கை எங்கே வந்தது, ராசி எங்கே வந்தது?

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று நம் முன்னோர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. ஆடியில் ஊன்றிய பந்தல் அவரை, பகல் குறுகத் தொடங்கிய பிறகுதான் பூக்கும். திருச்சியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான். அந்தச் சிறிய வித்தியாசத்தையும் செடி அளந்துவிடுகிறது! அந்த அவரையைத் தையில் ஊன்றினால், பகல் நீளும் காலத்தில் பூவுக்காக நெடுநாள் காத்திருக்க வேண்டிவரும். பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாத செடியவரை வகைகளும் இருக்கின்றன. வாங்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பரிசை மாற்றுங்கள்

"கீரை சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே, அதையா நடுவது?" என்று சிலர் கேட்பீர்கள். பறித்த கீரை வெயிலிலும் கூடையிலும் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதிலுள்ள வைட்டமின் 'சி' குறைகிறது. உலை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்ப் பறித்துவரும் கீரையை எந்தச் சந்தையும் தராது. அதோடு முளைக்கீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும். கணக்குத் தவறினாலும் விரைவில் திருத்திக்கொள்ளலாம்.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. எல்லோருக்கும் ஒரே பொட்டலத்தைக் கொடுத்து, மிகப் பெரிய காய் கொண்டுவந்தவருக்குப் பரிசு தருகிறீர்கள். பெரிய கொல்லையும் வற்றாத கிணறும் உள்ள வீட்டுப் பிள்ளைதான் அதில் வெல்லும். ஒற்றை அறை வீட்டின் வாசலில் இரண்டு தொட்டி வைத்திருக்கும் பிள்ளை தோற்று, தன்னையே நொந்துகொள்ளும். அதற்குப் பதிலாக நிழற்படம் வரைந்தவருக்கு, குடத்தை எண்ணியவருக்கு, ஒரு குடம் தண்ணீருக்கு எத்தனை பிடி கீரை கிடைத்தது என்று எழுதி வைத்தவருக்குப் பரிசு கொடுங்கள். செடி பட்டுப்போயிருந்தாலும், ஏன் பட்டுப்போயிற்று என்று கண்டுபிடித்தவருக்கு முதல் பரிசையே கொடுக்கலாம். விஞ்ஞானம் அப்படித்தான் வளர்ந்திருக்கிறது.

அந்தச் சிறுமியிடம் நான் ஒரு குச்சியையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்தேன். விதை கொடுக்கவில்லை. மூன்று மாதம் நிழலைக் குறித்துவிட்டு வந்தவள், "மாமா, எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் காலை வெயில் மட்டும்தான். நாலு மணி நேரம்கூட வராது. அங்கே பசலை போடட்டுமா?" என்று கேட்டாள். எதை நடுவது என்பதை அவளே தீர்மானித்துவிட்டாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

நீங்களும் நாளைக் காலையில் ஒரு குச்சியை நடுங்கள். செடியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.