ஒட்டுமுன் பிளாஸ்ரிக்கை அறிவோம்

இடம்பெயர்ந்து வந்து மீண்டும் தோட்டம் செய்யத் தொடங்கும் குடும்பத்துக்குத் தண்ணீர்க் குழாய் பெரும் சொத்து. அதில் வெடிப்பு விழுந்தால் சைக்கிள் ரியூப் துண்டொன்றை வெட்டி, கையில் அகப்பட்ட பசையைப் பூசி ஒட்டுகிறோம். மறுநாளே கழன்றுவிடுகிறது. பசை கூடாது என்று வேறொன்றை வாங்குகிறோம். பெரும்பாலும் குறை பசையில் இல்லை. பொருத்தம் அறியாமல் வாங்குவதிலேயே உள்ளது.

பிளாஸ்ரிக் எல்லாம் ஒன்றல்ல. குழாயிலிருந்து சிறு துண்டு சீவித் தண்ணீருக்குள் அமிழ்த்தி விட்டுப் பாருங்கள். மிதந்து வந்தால் அது பொலித்தீன் இனம். அதில் சாதாரண பசை எதுவும் நிலைக்காது. பசைக்குக் காசு கொடுக்க வேண்டாம். ரியூப் துண்டை வெடிப்பின்மேல் இறுகச் சுற்றி, இரு புறமும் கிளிப் பூட்டி முறுக்குவதே நல்லது.

துண்டு அமிழ்ந்தால் பெரும்பாலும் பி.வி.சி. ஆனாலும் பி.வி.சி. குழாய்ப் பசை இங்கு உதவாது. அது பி.வி.சி.யைக் கரைத்து இணைப்பது, இறப்பரைப் பற்றாது. ரியூப் ஒட்டும் சொலூசன் இறப்பரோடு இறப்பரை ஒட்டுவதற்கே உரியது. செருப்புத் தைப்போர் பாவிக்கும் நியோப்பிரீன் பசையே ஏற்றது. இரு பக்கத்தையும் அரத்தாளால் உரசித் துடையுங்கள். இரண்டிலும் மெல்லிதாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்தி ஒட்டுங்கள். பம்பின் அழுத்தம் உள்ள குழாயானால் மேலே கிளிப்பும் வேண்டும். பசையின் ஆவி தீப்பற்றும். விளக்குக்கும் அடுப்புக்கும் தூரத்தே வைத்துச் செய்யுங்கள்.

கடையில் "நல்ல பசை தாருங்கள்" என்று கேட்பதில் பயனில்லை. எதை எதனோடு ஒட்டப் போகிறோம் என்று சொல்லிக் கேட்போம். ஒரு கோப்பைத் தண்ணீரில் செய்யும் சோதனை, வீண்போகும் காசை மிச்சப்படுத்தும்.