நூறு ரூபாய்ச் சாக்கு

"இலங்கையின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், அபராதம் 100 ரூபாய். இதை வைத்துக்கொண்டு உத்தியோகத்தர் என்னதான் செய்வார்?" என்று கேட்கிறார் நண்பர். அதே சட்டத்தில் மூன்று மாதச் சிறையும் இருக்கிறது. அதை ஏனோ விட்டுவிட்டார். சட்டம் பழசுதான். சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்த மிருக நலச் சட்டமூலம் இழுபட்ட கதையும் தெரிந்ததே. ஆனால், முறைப்பாடு கிடைத்தால் உத்தியோகத்தர் வந்து பார்ப்பதை எந்தச் சட்டம் தடுக்கிறது?

பசறைப் பக்கம் ஒரு தோட்ட லயத்தின் பின்னால், கன்றில் கட்டிய நைலோன் கயிறு வளர்ந்த பசுவின் கழுத்துக்குள் புதைந்து புழு வைத்திருக்கிறது என்று வையுங்கள். முறைப்பாடு செய்தால், பொலிஸ் மிருக வைத்தியரைக் காட்டும். வைத்தியர் பொலிஸைக் காட்டுவார். கடைசியில் இரு தரப்பும் தோட்டத் தொரையைக் காட்டும். தோட்டம் என்ன தனி நாடா?

ஆள் போதாது, வாகனம் இல்லை, மலைப்பாதை. எல்லாம் நியாயம். அதனால்தான் திகதி கேட்கிறோம்: முறைப்பாடு என்று வந்தது, யார் என்று போனார்? அந்தப் பதிவு இல்லாமல் ஆள் பற்றாக்குறையை மாகாண சபையிடம் எப்படிக் காட்டுவது? 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, அந்தப் பதிவைக் கேட்கும் விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம். உத்தியோகத்தர்மீது அவ்வளவு கரிசனை என்றால், முதல் விண்ணப்பத்தை நண்பரே போடட்டும்.