மக்கள் தீர்ப்பை மதியாத எலிசே மாளிகை

2024 ஜூன் 9 இரவு, ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகள் வெளிவந்துகொண்டிருந்தபோதே பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் இம்மானுவேல் மேக்ரான் தொலைக்காட்சியில் தோன்றி, தேசிய சட்டமன்றத்தைக் கலைப்பதாக அறிவித்தார். தீவிர வலதுசாரியான தேசியப் பேரணி அத்தேர்தலில் 31 சதவீத வாக்குகளைத் தாண்டியிருந்தது. ஆளும் அணி 15 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. கலைப்புக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது 20 நாட்கள் இருக்க வேண்டும் என்கிறது பிரெஞ்சு அரசியல் சட்டம். மேக்ரான் கொடுத்தது 21 நாட்கள்.

அந்த அவசரத்தின் கணக்கு எளிமையானது. ஐரோப்பியத் தேர்தலில் இடதுசாரிக் கட்சிகள் தனித்தனியே நின்று, ஒன்றையொன்று தாக்கிப் பிரச்சாரம் செய்திருந்தன. மூன்று வாரத்தில் அவை ஒன்றுசேர முடியாது. இரண்டாம் சுற்றில் மக்கள் முன் இருக்கப்போவது “நானா, பாசிசமா” என்ற ஒரே கேள்விதான். பயந்துபோன வாக்காளர்கள் தம்மிடமே ஓடி வருவார்கள் என்று அவர் எண்ணினார். ஆனால் நான்கே நாட்களில் கம்யூனிஸ்ட் கட்சி, சோசலிஸ்ட் கட்சி, பணியாத பிரான்ஸ், பசுமைக் கட்சி ஆகியவை புதிய மக்கள் முன்னணியாக ஒன்றுதிரண்டன. ஓய்வு பெறும் வயதை 64 ஆக உயர்த்திய சட்டத்தை நீக்குவது, குறைந்தபட்ச மாத ஊதியத்தை 1,600 யூரோ ஆக்குவது, அத்தியாவசியப் பொருட்களின் விலையை உறையச் செய்வது, பாலஸ்தீனத்தை அங்கீகரிப்பது என்று திட்டமும் தயாரானது. 1936இன் மக்கள் முன்னணி என்ற பெயருக்கு அந்நாட்டுத் தொழிலாளி வர்க்கத்தின் நினைவில் உள்ள இடம் நம் தோழர்கள் அறிந்ததே. சம்பளத்துடன் கூடிய விடுமுறையையும் 40 மணி நேர வேலை வாரத்தையும் பெற்றுத் தந்த பெயர் அது.

2022இல் முதல் சுற்றில் வாக்களித்தவர்கள் 47.5 சதவீதம். 2024இல் 66.7 சதவீதம். இரண்டாம் சுற்றுக்கு முன் மூன்றாம் இடத்தில் இருந்த 200க்கும் மேற்பட்ட வேட்பாளர்கள், தேசியப் பேரணியைத் தடுப்பதற்காக விலகிக்கொண்டனர். அவர்களில் பெரும்பாலோர் இடதுசாரிகள். 577 இடங்களில் புதிய மக்கள் முன்னணி சுமார் 180 பெற்று முதலிடத்துக்கு வந்தது. மேக்ரானின் அணிக்குச் சுமார் 160. ஆட்சி அமைக்கப்போவதாக அனைவரும் ஆருடம் சொன்ன தேசியப் பேரணி, கூட்டாளிகளையும் சேர்த்து 143 இடங்களுடன் மூன்றாம் இடத்தில் நின்றது.

எவருக்கும் பெரும்பான்மை இல்லை என்பது உண்மை. 289 இடம் யாரிடமும் இல்லை. ஆனால் யார் தோற்றார் என்பதில் ஐயமே இல்லை. தோற்றவர் மேக்ரான். அதன் பிறகும் ஆண்டவர் அவரே.

பதினேழு அமைச்சர்களின் வாக்கு

இந்த மோசடி தொடங்கிய இடம் பிரதமர் நியமனம் என்றே பலரும் எழுதுகிறார்கள். அதற்கும் முன்னதாக, ஜூலை 18 அன்று, சட்டமன்றத் தலைவர் தேர்தலிலேயே அது தொடங்கிவிட்டது. இடது முன்னணியின் வேட்பாளர் கம்யூனிஸ்ட் உறுப்பினர் ஆந்த்ரே ஷஸ்ஸேன். எதிரே மேக்ரான் அணியின் யாயேல் பிரோன்-பிவே. முடிவு 207க்கு 220. பதின்மூன்று வாக்கு வித்தியாசம்.

பிரெஞ்சு அரசியல் சட்டப்படி ஒருவர் ஒரே நேரத்தில் அமைச்சராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் இருக்க முடியாது. நம் நாட்டு நடைமுறைக்கு நேர்மாறான ஏற்பாடு இது. தோற்ற அரசின் ராஜினாமாவை மேக்ரான் ஜூலை 16 அன்று, அதாவது வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு ஏற்றுக்கொண்டார். “அன்றாட அலுவல்களைக் கவனிக்க” அதே அமைச்சர்களை அதே நாற்காலிகளில் தொடரவும் செய்தார். அவர்களில் 17 பேர் காலையில் அமைச்சகத்தில் கோப்புகளில் கையெழுத்திட்டு, மதியம் சட்டமன்றத்தில் உறுப்பினராக வந்து வாக்களித்தனர். பதினேழிலிருந்து பதின்மூன்றைக் கழித்துப் பார்க்கட்டும், அதிகாரப் பிரிவினை பற்றி உலகுக்கு வகுப்பெடுக்கும் அறிஞர்கள்.

அடுத்து பிரதமர் பதவி. இங்கே இடதுசாரிகளின் பங்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெற்றிக்குப் பின் ஒரு பொது வேட்பாளரை முடிவு செய்ய அவர்களுக்குப் பதினாறு நாட்கள் பிடித்தன. லா ரெயூனியன் தீவின் உகெத் பெல்லோ பெயரை சோசலிஸ்ட்டுகள் ஏற்கவில்லை. லோரன்ஸ் துபியானா பெயரைப் பணியாத பிரான்ஸ் ஏற்கவில்லை. வெற்றிக் களிப்பில் வீதியில் நின்ற மக்கள் வீடு திரும்பிய பிறகே, ஜூலை 23 அன்று, லூசி காஸ்தே என்ற அரசு அதிகாரியின் பெயர் வந்தது. அதற்குள் ஒலிம்பிக் போட்டிகள் நெருங்கிவிட்டன. ஆகஸ்ட் நடுப்பகுதி வரை புதிய அரசு கிடையாது என்று மேக்ரான் அறிவித்துவிட்டார். வர்க்க எதிரிக்குக் கால அவகாசம் கொடுப்பது எவ்வளவு விலை உயர்ந்த தவறு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஆயினும் அந்தத் தவறு மேக்ரானின் குற்றத்தைக் குறைக்காது. பணியாத பிரான்ஸ் அமைச்சரவையில் இருந்தால் ஏற்க முடியாது என்றுதான் ஆளும் வட்டாரம் முதலில் சொல்லிவந்தது. ஆகஸ்ட் 24 அன்று மெலன்ஷோன் அந்தச் சாக்கையும் பறித்தார்: எங்கள் கட்சியிலிருந்து ஒரு அமைச்சர்கூட வேண்டாம், காஸ்தே அரசை வெளியிலிருந்து ஆதரிக்கத் தயார் என்றார். இரண்டே நாளில் மேக்ரான் மறுத்துவிட்டார். காரணம், “நிறுவன ஸ்திரத்தன்மை”. ஆக, பிரச்சனை மெலன்ஷோனும் அல்ல, அவரது முரட்டுப் பேச்சும் அல்ல. பிரச்சனை 64 வயதுச் சட்டம், செல்வ வரி, குறைந்தபட்ச ஊதியம். இத்திட்டத்துடன் பெருமூலதனத்தின் எந்தப் பிரதிநிதியும் தானாக எவரையும் அரசாள அழைக்கமாட்டார்.

செப்டம்பர் 5 அன்று பிரதமராக நியமிக்கப்பட்டவர் மிஷேல் பார்னியே. சட்டமன்றத்தில் ஐம்பது இடம்கூட இல்லாத பழைய வலதுசாரிக் கட்சியைச் சேர்ந்தவர். அவரது உயிர் எங்கே இருந்தது? அக்டோபர் 8 அன்று இடதுசாரிகள் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு 197 வாக்குகளே கிடைத்தன. தேசியப் பேரணி வாக்களிக்க மறுத்து அவரைக் காப்பாற்றியது. “குடியரசைக் காக்கும் சுவர்” என்று ஜூலையில் வாக்கு வாங்கியவர், செப்டம்பரில் அந்தச் சுவருக்கு மறுபக்கம் நின்றவர்களின் தயவில் அரசு அமைத்தார். டிசம்பர் 4 அன்று அந்தத் தயவு முடிந்தது. 331 வாக்குகளில் பார்னியே வீழ்ந்தார். 1962க்குப் பின் இப்படி வீழ்ந்த முதல் அரசு அது. உடனே “இரு தீவிரங்களும் கைகோத்தன” என்று நம் நாட்டு ஆங்கில நாளேடுகள் வரை பேசின. மூன்று மாதம் அந்த அரசுக்கு மூச்சுக்காற்று கொடுத்தது எந்தத் தீவிரம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு பிரான்சுவா பேய்ரூ. 2025 ஜூலையில் அவர் வைத்த திட்டம் ஏறத்தாழ 44 பில்லியன் யூரோ சிக்கனம். இரண்டு பொது விடுமுறைகளை ஒழிப்பதும் அதில் சேர்ந்தது. அவற்றில் ஒன்று மே 8, நாஜி ஜெர்மனி சரணடைந்த நாள். தொழிலாளியிடம் ஒரு நாள் உழைப்பை இலவசமாகப் பறிக்க வேறு நாளே கிடைக்கவில்லை போலும். செப்டம்பர் 8 அன்று 364க்கு 194 என்ற கணக்கில் அவரும் வீழ்ந்தார். மறுநாளே செபஸ்டியன் லெகோர்னு. அக்டோபர் 6 அன்று, அமைச்சரவையை அறிவித்து ஒரு நாள் முடியும் முன்பே ராஜினாமா செய்தார். 10ஆம் தேதி மீண்டும் அவரே பிரதமர். இதற்குப் பெயர் ஸ்திரத்தன்மை.

பணம் எங்கே இருக்கிறது

கடன் பெருகிவிட்டது, ஆகவே வயிற்றைக் கட்டுங்கள் என்கிறார்கள். 2024இல் பிரான்சின் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 5.8 சதவீதம் என்பது மெய்யே. பதவிக்கு வந்தவுடன் செல்வ வரியை ஒழித்தவர் மேக்ரான். அசையாச் சொத்துக்கு மட்டும் ஒரு வரியை அதன் எச்சமாக விட்டுவைத்தார். தனியார் நிறுவனங்களுக்கு அரசு அளிக்கும் உதவிகளை ஆராய்ந்த செனட் குழு, 2023இல் மட்டும் அது 211 பில்லியன் யூரோ என்று கணக்கிட்டது. அக்குழுவின் அறிக்கையாளர் கம்யூனிஸ்ட் செனட்டர் ஃபேபியன் கே. முதலாளிகளுக்கு 211 பில்லியன் போகலாம். 44 பில்லியனுக்காக நோயாளியும் ஓய்வூதியரும் தியாகம் செய்ய வேண்டும்! 10 கோடி யூரோவுக்கு மேல் சொத்துள்ளவர்களிடம் குறைந்தது 2 சதவீத வரி என்ற மசோதா 2025 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஜூனில் வலதுசாரிகளின் கையிலுள்ள செனட் அதைக் கொன்றது. அந்தப் பிப்ரவரி வாக்கெடுப்பில், “எளிய மக்களின் கட்சி” என்று சொல்லிக்கொள்ளும் தேசியப் பேரணி என்ன செய்தது? எதிர்க்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை, விலகி நின்றது.

ஓய்வூதியம் ஏன் இவ்வளவு கனலாகிறது என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். பிரான்சின் சமூகப் பாதுகாப்பு அமைப்பைக் கட்டியெழுப்பியதில் தலையாய பங்கு, உலோகத் தொழிலாளியும் கம்யூனிஸ்ட் அமைச்சருமான ஆம்புருவாஸ் குருவாஸாவுக்கு உண்டு. 1946இல் அந்நிதியங்களின் நிர்வாகக் குழுக்களில் நான்கில் மூன்று பங்கு தொழிலாளர் பிரதிநிதிகள். 1982இல், நான்கு கம்யூனிஸ்ட் அமைச்சர்கள் இடம்பெற்றிருந்த அரசு ஓய்வு வயதை 60 ஆகக் குறைத்தது. 2010இல் சர்க்கோசி அதை 62 ஆக்கினார். 2023 மார்ச் 16 அன்று மேக்ரான் அரசு 64 ஆக்கியது. அதுவும் அரசியல் சட்டத்தின் 49ஆவது பிரிவின் 3ஆவது உட்பிரிவைப் பயன்படுத்தி, சட்டமன்றத்தின் வாக்கெடுப்பே இல்லாமல். நான்கு நாள் கழித்து வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஒன்பது வாக்குகளில் தோற்றது. ஆக அந்தச் சட்டத்தை தேசிய சட்டமன்றம் ஒருமுறைகூட வாக்களித்து ஏற்கவில்லை. 2024 தேர்தல் அதன் மீதான மக்களின் வாக்கெடுப்பாகவும் இருந்தது.

இந்த இடத்தில் நம்மிடையே எழும் ஒரு வாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தைத் திணித்த பிரதமர் எலிசபெத் போர்ன் கல்வதோஸ் தொகுதியில் வென்றது, மூன்றாம் இடத்திலிருந்த இடது வேட்பாளர் விலகியதால்தான். “எதிரியைக் காப்பாற்றிய ஐக்கிய முன்னணி” என்று இதைக் கேலி செய்வோர் உண்டு. அக்கேலி தவறானது. 1972இல் தேசியப் பேரணியின் முன்னோடியான தேசிய முன்னணி தொடங்கப்பட்டபோது அதன் முதல் பொருளாளர், ஹிட்லரின் வாஃபன் எஸ்.எஸ். படையில் பணியாற்றிய பியர் பூஸ்கே. அந்தக் கட்சியின் ஜோர்டான் பார்டெல்லா பிரதமர் பதவிக்கு ஒரு வாரத் தொலைவில் இருந்தார். அவரைத் தடுத்தது சரி. தவறு விலகியதில் இல்லை. விலகியதற்கு ஈடாக எதையும் எழுதி வாங்காததிலும், ஜூலை 8 காலையிலேயே தொழிற்சங்கங்களோடு வீதிக்கு வராததிலும் இருக்கிறது.

இதைவிடக் கசப்பான கேள்வி ஒன்று உண்டு. பா-த-கலே மாவட்டத்தில் ஏனான்-போமோன் என்ற பழைய சுரங்க நகரத் தொகுதியில் மரீன் லெ பென் முதல் சுற்றிலேயே வென்றார். பக்கத்து ஊர் நுவயேல்-கொதோ, சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளரான மொரீஸ் தொரேசின் சொந்த ஊர். அவ்வட்டாரத்தின் கடைசிச் சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. 2003இல் அதே நுவயேல்-கொதோவில் மெத்தாலெரோப் ஈய உருக்காலை மூடப்பட்டு 800க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் தெருவில் நின்றனர். ஆலை போனது, சங்கம் போனது, கட்சிக் கிளை போனது. அந்த வெற்றிடத்தில் “அந்நியனே காரணம்” என்ற பேச்சு குடியேறியது. அண்டை மாவட்டமான நோர்-இல் கட்சியின் தேசியச் செயலாளர் ஃபேபியன் ரூசெலே முதல் சுற்றில் தன் தொகுதியை இழந்தார். தேர்தல் உடன்பாடு தொகுதிகளைக் காக்கலாம். மூடிய ஆலையின் வாசலில் கிளையைத் திரும்பக் கட்டாது.

நம் நாட்டு வாசகருக்கு இந்தக் கதையில் புதுமை ஏதும் இல்லை. 2017இல் கோவாவில் 40இல் 17 இடம் பெற்ற காங்கிரசை விட்டுவிட்டு 13 பெற்ற பாஜகவையும், மணிப்பூரில் 60இல் 28 பெற்ற காங்கிரசை விட்டுவிட்டு 21 பெற்ற பாஜகவையும் ஆட்சிக்கு அழைத்தவர்கள் நம் ஆளுநர்கள். 1959இல் கேரளத்தில் ஸ்திரத்தன்மையின் பெயரால் என்ன நடந்தது என்பதை நம் கட்சிக்கு எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. இன்று அதே சொல் 129ஆவது அரசியல் சட்டத் திருத்த மசோதாவின் உருவில் வருகிறது. மக்களவை இடையில் கலைந்தால், புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படும் அவைக்கு எஞ்சிய காலம் மட்டுமே ஆயுள் என்கிறது அது. மேக்ரான் தேர்தலை நடத்திவிட்டு அதன் முடிவைச் செல்லாததாக்கினார். இங்கே முடிவின் ஆயுளையே முன்கூட்டிக் கத்தரிக்கப் பார்க்கிறார்கள்.

அக்டோபர் 14 அன்று லெகோர்னு, 64 வயதுச் சட்டத்தை அடுத்த குடியரசுத் தலைவர் தேர்தல் வரை நிறுத்திவைப்பதாக அறிவித்தார். அதைச் சொல்லி சோசலிஸ்ட் கட்சித் தலைமை அவரைக் காப்பாற்றியது; 16ஆம் தேதி நம்பிக்கையில்லாத் தீர்மானம் 271 வாக்குகளுடன், 18 வாக்குக் குறைவால் தோற்றது. தங்கள் பேச்சுவார்த்தைத் திறமையின் வெற்றி என்கிறார்கள் அவர்கள். செப்டம்பர் 10 அன்று “எல்லாவற்றையும் முடக்குவோம்” என்று இளைஞர்கள் சாலைக்கு வந்திராவிட்டால், 18 அன்று எட்டுத் தொழிற்சங்கங்கள் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்திராவிட்டால், அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் இவர்களுக்கு நாற்காலியே இருந்திருக்காது. கிடைத்திருப்பதும் ரத்து அல்ல, ஒத்திவைப்புதான். ஓய்வு வயது 62 ஆண்டு 9 மாதத்தில் நிற்கும். 2027இல் யார் வருகிறாரோ அவர் அங்கிருந்து மீண்டும் ஏற்றத் தொடங்கலாம்.