எந்தப் புடவையில் இருக்கிறார்?

காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடையில் இருக்கும் ஐயம்பேட்டை போன்ற ஊரில் கிளினிக் நடத்துபவருக்கு இந்த நோயாளியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஐம்பதை நெருங்கும் பட்டு நெசவாளி. மெட்ஃபார்மினும் அம்லோடிபினும் சில வருடங்களாக எடுக்கிறார். ஒரு மாதம் சர்க்கரை அடங்கியிருக்கும். அடுத்த முறை எகிறியிருக்கும். "நைட்டெல்லாம் தூக்கமே வர்ல டாக்டர், நெஞ்சு படபடன்னு அடிக்குது, கேஸா இருக்குமா?" என்பார். ஈசிஜி எடுத்துப் பார்ப்போம், கோளாறு இருக்காது. பான்டாப்ரசோல் ஒன்று, ராத்திரிக்கு அல்ப்ரசோலம் ஒன்று, வாசல்வரை கேட்கும்படி "டென்ஷன் ஆகாதீங்க" என்று ஒரு புத்திமதி. அடுத்தவர் உள்ளே வந்துவிடுவார்.

அவரிடம் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: "இப்ப எந்தப் புடவையில இருக்கீங்க?"

பெரும்பாலும் ஒரு பாவில், அதாவது தறியில் ஏற்றும் நீளவாட்டு நூலில், மூன்று புடவை. கரையைத் தனி நாடாவில் கோர்க்கும் கோர்வைப் புடவை என்றால் பள்ளத்தறியில் இறங்கி மிதிப்பவர் ஒருவர் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் பிள்ளைகள் இருந்தார்கள். இன்று பல வீடுகளில் மனைவி. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு புடவைக்குப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. மூன்றாவது புடவையும் இறங்கிய பிறகு அடுத்த பாவு எப்போது வரும் என்பது முதலாளி கையிலோ சங்கத்தின் கையிலோ இருக்கிறது. கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் பாக்கி இருந்தால், வேறு இடம் தேடிப் போகவும் வழியில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பள்ளத்தில் தண்ணீர் ஊறினால் பாவு இருந்தும் தறி ஓடாது.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நெசவாளியைச் சுதந்திரமானவர் என்பார்கள். சொந்த வீடு, சொந்த நேரம், தட்டிக் கேட்க மேலதிகாரி இல்லை. இந்த எண்ணம் டாக்டர்களிடமும் இருக்கிறது. ஆனால் டிசைன், நூல், ஜரிகை, கூலி, பாவு வரும் தேதி, இவற்றில் எதையும் அவர் தீர்மானிப்பதில்லை. வேலையின் நெருக்கடி அதிகமாக இருந்து அதன்மேல் அதிகாரம் குறைவாக இருப்பதே ஆபத்தான சேர்க்கை என்று ராபர்ட் கராசெக் 1979-இல் எழுதினார். போட்ட உழைப்புக்கு ஏற்ற பலன் கைக்கு வராத நிலை இதயத்தைப் பாதிக்கிறது என்று யோகானஸ் சீக்ரிஸ்ட் 1996-இல் சேர்த்தார். இரண்டு பேருக்கும் ஐயம்பேட்டையைத் தெரியாது. தெரிந்திருந்தால் உதாரணத்துக்கு வேறு ஊர் தேடியிருக்க மாட்டார்கள்.

நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை, அறுவடைக்கு முன்னால் ஒரு முறையும் பணம் வந்த பின்னால் ஒரு முறையும் சோதித்தார்கள். 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. அதே மனிதர், அதே கேள்வி வகை. பணம் வருவதற்கு முன் யோசிக்கும் திறனும் கவனமும் தெளிவாகக் குறைந்திருந்தன. சாப்பாடு, உடலுழைப்பு இவற்றைக் கொண்டு அந்த வித்தியாசத்தை விளக்க முடியவில்லை. கரும்புக்காரரிடம் கண்டதை அப்படியே தறிக்காரர் தலையில் ஏற்றிவிட முடியாதுதான். ஆனால் "எத்தனை தடவை சொன்னாலும் மாத்திரையை மறந்துடறார்" என்று நாம் அலுத்துக்கொள்ளும் நோயாளி, பாவு முடிந்து காத்திருக்கும் வாரத்தில் வந்தவரா என்று பார்க்க இது போதுமான காரணம்.

உடலில் நடப்பது உங்களுக்குத் தெரிந்த பாடம்தான். கார்ட்டிசோல் அடங்க வேண்டிய ராத்திரியில் அடங்காமல் நின்றால் கல்லீரல் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டே இருக்கும், இன்சுலின் சொல்பேச்சு கேட்காது, ரத்த அழுத்தம் இறங்காது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு (2004), வேலை, வீடு, பணம் சார்ந்த மன அழுத்தத்தை மாரடைப்புக்கான ஆபத்துகளின் வரிசையிலேயே வைத்தது. பள்ளத்தில் கால் வைத்து மிதிப்பவர்களைப் பார்க்கும் நமக்கு 1995-இல் 'லான்செட்'டில் வந்த சின்ன ஆய்வு இன்னும் பயன்படும். மறதி நோயுள்ள உறவினரைப் பராமரித்து வந்த 13 பெண்களுக்கும் அப்படிச் சுமை இல்லாத 13 பேருக்கும் ஒரே அளவில் தோலில் சிறு காயம் செய்தார்கள். சுமை இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாளில் ஆறியது. பராமரித்தவர்களுக்கு 49 நாளாயிற்று. ஆறாத கால் புண்ணோடு வருபவரிடம் சர்க்கரை அளவை மட்டும் கேட்டு அனுப்புவது அரைகுறை வைத்தியம்.

சரி, என்ன செய்யலாம்? கூலியை நம்மால் உயர்த்த முடியாது. மறு பரிசோதனைத் தேதியை மாற்ற முடியும். "முப்பது நாள் கழிச்சு வாங்க" என்பதற்குப் பதில் "அடுத்த புடவை அறுத்ததும் வாங்க" என்று சொல்லிப் பார்க்கலாம். கையில் காசு இருக்கும் நாளில் வருவார், சொல்வதும் மனசில் ஏறும். பாவுக்காகக் காத்திருப்பவருக்கு ஐந்து அறிவுரை வேண்டாம், ஒன்று போதும். மாத்திரை வாங்கவே காசில்லை என்றால், 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் பதிந்துவிட்டால் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும்.

அல்ப்ரசோலத்தை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது. அட்டவணை எச்1-இல் அது இருப்பது மருந்துக் கடைக்காரருக்கு மட்டுமான எச்சரிக்கை அல்ல. ஆனால் பல மாதங்களாகப் போடுபவருக்குத் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தூக்கத்துக்கு முதலில் பேச வேண்டியது சாயங்கால டீ, ராத்திரி குவார்ட்டர், விடியும்வரை கையில் இருக்கும் போன். மூச்சுப் பயிற்சி உதவும். தறியிலிருந்து எழுந்ததும் ஐந்து நிமிடம், மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடச் சொல்லுங்கள். பத்து ஆசனம் அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தால் அது தார் சுற்றும் ராட்டைக்குக் கீழே போய்விடும்.

மனைவியைத் தனியாகப் பார்க்க வேண்டும். மேல்வலி, தலைவலி என்றுதான் அவர் வருவார். தார் சுற்றி, கரை நாடா தள்ளி, சமைத்து, கடன்காரருக்கும் பதில் சொல்பவர் அவர். கூலிச் சீட்டில் அவர் பெயர் இருக்காது. நம் ஓபி சீட்டிலாவது அவருடைய வேலை பதிவாக வேண்டும்.

இதற்கெல்லாம் மனநல மருத்துவர் வேண்டுமே என்று கேட்கலாம். மருத்துவப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சில அமர்வுகள் பேசியே கடுமையான மனச்சோர்வைக் குறைத்ததைக் கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் 2017-இல் காட்டினார்கள். நம் செவிலியருக்கும் அந்தத் திறமை வரும், நேரம் ஒதுக்கினால். கடன் பேச்சு வரும்போது "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே அனுப்பாதீர்கள்; வீட்டாரை அழைத்து, மாவட்ட மனநலக் குழுவிடம் அன்றே சேர்த்துவிடுங்கள். டெலி மனஸ் எண் 14416, இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம்.

வாசக மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஐப்பசியிலிருந்து தைவரை, நெசவாளிகளின் சீட்டில் பிரஷர் எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் 'பாவில்' அல்லது 'காத்திருப்பில்' என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதுங்கள். பெயர், முகவரி இல்லாமல் அந்த எண்களையும் பக்கத்தில் எழுதிய வார்த்தையையும் மட்டும் மாசியில் எங்களுக்கு அனுப்பினால், பங்குனி இதழில் சேர்த்து அச்சிடுகிறோம்.